எவர் திண்ணையில் நம் சொற்கள்?

சென்ற திங்கள் எம் ஊர்த் தமிழ்மன்றத்தின் செயற்குழு கூடிற்று. மன்றத்திற்குப் புதிய வலைத்தளம் ஒன்று வேண்டும் என்பது பேச்சு. அதனை எங்குக் குடிவைப்பது என்னும் வினா எழுந்த அளவிலேயே, இருபத்தைந்து அகவை நிரம்பாத இளவல் ஒருவர் எழுந்து, "ஐயா, தளமெல்லாம் எதற்கு? முகநூலில் ஒரு பக்கம் திறந்தால் முடிந்தது. ஒரு காசு செலவில்லை. இன்று மாலையே திறந்துவிடுவேன்" என்றார். அவையோர் கைதட்டினர். பொருளாளர் எல்லாரினும் மிகுதியாகத் தட்டினார். யான் ஒருவனே தட்டாதிருந்தேன். ஏன் தட்டவில்லை என்று விளக்குமுன் தேநீர் வந்துவிட்டது. ஆகலின் இங்குச் சொல்கின்றேன்.

எம் மன்றத்திற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வைப்புப் பணம் இல்லை. உள்ள உடைமை ஒன்றே. 1998 முதல் யானும் என் மாணவரும் எம் ஊர்த் தறிக்குழிகளில் இறங்கி ஏறித் தொகுத்த கைத்தறிச் சொற்கள், 4,200 சீட்டுகள். பாவு, ஊடை, நாடா, தார், விழுது, அச்சு என அகரமுதலிகள் அறிந்த சொற்கள் அவற்றுட் சிலவே. புதுப் பாவின் இழையைப் பழைய பாவின் முனையோடு ஒவ்வொன்றாய் முறுக்கிப் பிணைக்குங்கால் விரல் செய்யும் தொழிலின் ஒவ்வோர் அசைவிற்கும் அம்மக்கள் பெயர் வைத்துள்ளனர். அப்பெயர்களில் ஒன்றனையேனும் எந்தப் பல்கலைக்கழகமும் வந்து கேட்டதில்லை. கைத்தறி போய் விசைத்தறி வந்தபின், சொல்லுதற்கும் ஆளில்லை.

இச்சொற்களை வலையேற்ற வேண்டும் என்று 2008இல் முனைந்தோம். என் பழைய மாணவர் ஒருவர், கணினி கற்றவர், நல்ல பிள்ளை, தம் கைப்பணத்தைச் செலவிட்டே தளம் அமைத்துத் தந்தார். சொற்களை ஏற்றினோம், முதியோர் தம் வாயாற் சொல்லக் கேட்டுப் பதிந்த அறுபது ஒலிப்பதிவுகளையும் ஏற்றினோம். வெளிநாட்டுத் தமிழர் பார்த்து மடல் எழுதினர். நாங்கள் மகிழ்ந்து பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியதோடு எம் கடமை முடிந்தது என்றும் எண்ணினோம்.

தளப்பெயரை அவர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சல் முகவரியிலும் பதிந்திருந்தார். பதிவு ஆண்டுதோறும் புதுக்கப்பட வேண்டுவது என்பதை எம்மில் ஒருவரும் அறியோம். அவர் 2015இல் வெளிநாடு சென்றார். பழைய அஞ்சற்பெட்டியைக் கைவிட்டார். புதுக்குக, புதுக்குக என்று பதிவு நிறுவனம் விடுத்த மடல்கள் அனைத்தும் ஆளில்லா வீட்டுத் திண்ணையில் விழுந்த அஞ்சல்போலக் கிடந்தன. காலம் கடந்த பெயர் உடனே பிறன் கைக்குப் போவதில்லை. முதலிற் சில கிழமை பொறுப்பர். பின்னர் முப்பது நாள் மீட்புக்காலம், அதற்குத் தண்டமும் உண்டு. அதன்பின் ஐந்து நாள் அழிப்புக்காலம். ஆறாம் நாள் அது சந்தைக்கு வரும். இத்தனை நாளும் எவரும் பார்க்கவில்லை. ஒருநாட் காலையில் மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "ஐயா, நம்ம தளத்தில் சீட்டாட்டம் வருதுங்க" என்றாள். ஆம், சூதாட்ட நிறுவனம் ஒன்று எம் பெயரை வாங்கியிருந்தது. உலகெங்குமுள்ள தமிழறிஞர் தத்தம் பக்கங்களில் எம் தளத்திற்குக் கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் அச்சூதாட்டக் களத்திற்கு வழிகாட்டிக்கொண்டிருந்தன. தாளிலிருந்த சீட்டுகள் பிழைத்தன. ஒலிப்பதிவுகளுக்குப் படி வைக்கவில்லை. இடவாடகை நின்றவுடன் அவை அழிக்கப்பட்டன. அறுபதின்மருள் பெரும்பாலோர் இன்று உயிரோடில்லை.

அம்மாணவர்மேற் குற்றம் இல்லை. குற்றம் எம்மது. வீட்டுப் பட்டாவை எவர் பெயரில் எழுதுவது என்று மூன்று தலைமுறை வழக்காடும் இனம், தன் தளப்பெயர் எவர் பெயரில் உள்ளது என்று ஒருமுறை கேட்கவில்லை.

இதனை மறந்துவிட்டுத்தான் இன்று முகநூல் போதும் என்கின்றனர். காசில்லாமற் கிடைக்கும் இடம் எத்துணை நாள் நிற்கும் என்பதற்கு வலையுலக வரலாறே சான்று. சியோசிட்டீசு என்று ஒன்று இருந்தது. 1994இல் தோன்றியது. எவரும் காசின்றித் தம் பக்கத்தை எழுப்பலாம். நகர்போலத் தெருத்தெருவாய்ப் பிரித்து, கல்விக்கும் மெய்யியலுக்கும் ஏதென்சு என்று ஒரு சேரியே வைத்திருந்தனர். தமிழர் பலரும் தம் முதற்பக்கங்களை அங்கேதான் எழுப்பினர். 1999இல் யாகூ அதனை விலைகொடுத்து வாங்கிற்று. 2009 அக்டோபரில் இழுத்து மூடிற்று. கோடிக்கணக்கான பக்கங்கள். தன்னார்வலர் சிலர் இரவுபகலாய் அள்ளிய மட்டும் எஞ்சின. அதே நிறுவனத்தின் குழுக்களில் மரத்தடி முதலாய தமிழ்க் குழுக்கள் ஆண்டுக்கணக்கிற் பேசின, எழுதின, சண்டையிட்டன; இலக்கியமே வளர்த்தன. 2019இல் அறிவிப்பு வந்தது. 2020 திசம்பரில் அக்குழுக்கள் முற்றும் இல்லையாயின. கூகுள் பிளசு 2019 ஏப்பிரலில் மூடப்பட்டது. இவற்றுள் ஒன்றேனும் ஏழை நிறுவனம் நடத்தியது அன்று. பணமில்லாமையால் மூடவில்லை, பயனில்லை எனக் கணக்கன் சொன்னதால் மூடினர். அக்கணக்கில் நாம் எழுதியவை ஒரு வரியிலும் வருவதில்லை. ஏனெனில் நாம் அங்கு விலை கொடுத்தவர் அல்லோம். வாடகைக்கு இருந்தவரும் அல்லோம். திண்ணையில் அமர விடப்பட்டவர். திண்ணைக்காரன் எழுந்திரு என்றால் எழவேண்டியதுதான்.

பெயரும் காசின்றிக் கிடைத்த காலம் உண்டு. தொக்கெலாவு, மாலி, காபோன் முதலியவற்றின் பெயரீறுகளைப் பிரீநோம் என்னும் நிறுவனம் வாரி வழங்கிற்று. மாணவர் பலர் வாங்கி மகிழ்ந்தனர். 2023இல் புதுப்பதிவை நிறுத்திற்று. அவ்வாண்டே காபோன் நாடு தன் பெயரீற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டபோது பல இலக்கம் பெயர்கள் ஒரே வீச்சில் அழிந்தன. 2024இல் அந்நிறுவனம் பெயர்த்தொழிலையே விட்டது.

முகநூலைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டும். அது மூடப்படாது என்றே வைத்துக்கொள்வோம். அங்கு இட்ட சொல்லை ஈராண்டு கழித்து எடுத்துக் காட்டுக, பார்க்கலாம்! ஆற்றில் இட்ட கோலம் அது. புதியது பழையதை அடித்துக்கொண்டு போகும். அகரமுதலிக்கு வேண்டுவது அகரவரிசை; முகநூல் தருவது அன்றைய ஆரவார வரிசை. கணக்கில்லாதவன் உள்ளே நுழைய முற்பட்டால் பாதி வழியில் மறித்துப் பெயரைப் பதி என்னும். எவனோ ஒருவன் பொய்யாக முறையிட்டாலும் பக்கத்தை முடக்கும். முடக்கியது யார் என்று கேட்கப்போனால் அங்கு ஆள் இராது. விழா அழைப்பை அங்கு இடுக. வேண்டா என்பார் யாருமிலர். சந்தையில் தண்டோரா போடுவது வேறு, சந்தையிலேயே பத்திரப்பெட்டியை வைத்துவிட்டு வருவது வேறு.

இனி, மறுகோடியில் நிற்கும் நண்பர் ஒருவர் உளர். கூட்டம் முடிந்தபின் என் தோளைப் பற்றிக்கொண்டு, "நீங்கள் சொல்வது சரி ஐயா! தமிழன் எவனிடமும் வாடகைக்கு இருத்தல் ஆகாது. மன்ற அறையிலேயே நம் வழங்கியை நாமே வைத்துக்கொள்வோம்" என்றார். வழங்கி என்பது தளத்தின் கோப்புகளை வைத்திருந்து, கேட்டவர்க்கெல்லாம் இரவும் பகலும் எடுத்துக்கொடுக்கும் கணினி. அவர் உணர்ச்சியை வணங்குகின்றேன், கருத்தை ஏற்கேன். எம் மன்ற அறையில் மின்விளக்கே நிலையாய் எரிவதில்லை. வீட்டு இணைய இணைப்பின் முகவரி எண் அடிக்கடி மாறுவது. இன்று இருந்த இடத்தில் நாளைக்கு இராது. கதவை அகலத் திறந்துவைத்த கணினியைத் தேடித் திருடர் கூட்டம் உலகெங்கும் நொடிதோறும் அலைகின்றது. அதனைக் காக்க நாள்தோறும் விழித்திருக்கும் ஒருவர் வேண்டும். பெரும்பொருள் செலவிட்டு விழித்திருப்போர்க்கே இடர் வருகின்றது: 2021 மார்ச்சு 10ஆம் நாள், பிரான்சு நாட்டின் இசுட்ராசுபூர்க்கு நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்தடுக்கு வழங்கிக்கூடம் இரவோடிரவாய்த் தீப்பற்றி எரிந்தது. இலக்கக்கணக்கான தளங்கள் நின்றன. வேறிடத்திற் படி வைத்திருந்தோர் மறுநாள் எழுந்தனர், வையாதோர் அழுதனர். ஐந்தடுக்குக் கூடத்திற்கே அந்நிலை எனின், எம் மன்றத்து மூங்கிற் பலகணிக்கு என்ன காவல்?

இவ்விடத்தில்தான் நம்மவர் மயங்குகின்றனர். உரிமை என்பது பொறியைச் சொந்தமாக வைத்திருத்தல் அன்று. பொறி இரும்பு, நாலைந்து ஆண்டிற் பழுதாகும். உரிமை இரண்டில் உள்ளது: பெயர் நம் கையில் இருத்தலும், கோப்புகளின் முழுப்படி நம் கையில் இருத்தலுமே அவை. இவ்விரண்டும் இருப்பின், வாடகைக்காரன் கெட்டவனாயின் ஒரே நாளில் மூட்டைகட்டி வேறு வழங்கிக்குப் போய், அதே பெயரில் அங்கிருந்து பேசலாம். வந்தவர்க்கு வீடு மாறியதே தெரியாது. இவ்விரண்டும் இல்லையெனின், பொன்னாற் செய்த வழங்கியும் சிறைதான்.

ஆகவே பணம் கொடுத்துச் சிறிய இடம் ஒன்றை வாடகைக்கு எடுப்பதே தக்கது. பலர் ஒரு வழங்கியைப் பகிரும் எளிய இடமே 4,200 சொற்களுக்கு மிகை. ஆயின் விளம்பரத்திற்கு மயங்கற்க. முதலாண்டிற்கு நூறு உருபா என்பான். மறு ஆண்டிற் பன்மடங்கு கேட்பான். முதலாண்டுக் கட்டணத்தைப் பாராது புதுக்கற் கட்டணத்தைப் பார்த்தே வாங்குக. எல்லையற்ற இடம் என்பான். அடியிற் பொடியெழுத்தில் எல்லையை எழுதியிருப்பான். பெயரை வாங்கினால் இடம் காசின்றி, இடத்தை வாங்கினால் பெயர் காசின்றி என்று இரண்டனையும் ஒரே முடிச்சாகப் போடுவான். அம்முடிச்சில் விழவேண்டா. பெயரை ஒருவனிடத்தும் இடத்தை மற்றொருவனிடத்தும் வாங்குக. இடக்காரனோடு பிணக்கு வந்தால் பெயர் அவன் கையிற் பிணையாக இருத்தல் ஆகாது. சுட்டியால் இழுத்து வைத்துத் தளம் கட்டும் கவர்ச்சிப் பட்டறைகள் சில உள. அவற்றிற் கட்டியதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வெளியேற இயலாது. நுழையுமுன் வெளியேறும் வழியைக் கேட்பது கோட்டைக்கு மட்டுமன்று, தளத்திற்கும் பொருந்தும்.

கோப்புகள் எளியனவாக இருத்தல் வேண்டும் என்பது என் பிடிவாதம். வேர்டுபிரசு முதலிய திறவூற்று மென்பொருள்கள் நல்லன. ஆயின் அவற்றை ஓயாது புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும், விட்டால் திருடன் நுழைவான். எம் சொற்றொகைக்கு அசையாத வெறும் பக்கங்கள் போதும். ஒருங்குறியில் எழுதிய எளிய கோப்புகள். ஒருங்குறி பரவுமுன் ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவிற்கோர் குறியீடு என்று நாம் பட்ட பாட்டை மூத்தோர் மறந்திரார். அன்று தட்டி வைத்த ஆய்வுரைகள் பலவும் இன்று திறந்தாற் குறிகளின் குப்பையாய்க் கிடக்கின்றன. எழுத்து அழியவில்லை, படிக்கும் திறவுகோல் தொலைந்தது.

பெயர் ஏன் இத்துணைப் பெரிது என்பார்க்குக் காத்தலான் மக்களைக் காட்டுவேன். எசுப்பானிய ஆட்சிக்குட்பட்ட தேசிய இனம் அது. நாட்டின் பெயரால் அன்றி மொழியின் பெயரால் ஒரு பெயரீறு வேண்டும் என்று போராடினர். 2005இல் 'கேட்' என்னும் ஈறு அம்மொழிக்கும் பண்பாட்டிற்கும் உரியதாக ஏற்கப்பட்டது. பின்னர்ப் பாசுக்கு மொழியும் கலீசிய மொழியும் பிரெத்தோனிய மொழியும் அவ்வழியே தத்தமக்கு ஈறு பெற்றன. உலகெங்கும் பரந்த எட்டுக் கோடித் தமிழர்க்குத் 'தமிழ்' என்னும் ஈறு இல்லை! இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என மூன்று ஈறுகள் தமிழெழுத்தில் உள. அவை மூன்று அரசுகளின் பெயர், மொழியின் பெயர் அல்ல. அவையும் உள்ளே இலத்தீன எழுத்துக் கோவையாக மாற்றப்பட்டே இயங்குகின்றன. 2012ஆம் ஆண்டுச் சுற்றில் ஓர் ஈற்றுக்கு விண்ணப்பிக்க மட்டும் 1,85,000 அமெரிக்கத் தாலர் கேட்டனர். அத்தொகையை ஒரு திரைப்படத்தின் ஒரு பாட்டிற்குச் செலவிடும் செல்வர் நம்மிடை உளர். கேட்டாரும் இலர், கொடுத்தாரும் இலர்.

ஆயினும் ஈறு கிடைத்தவுடன் எல்லாம் கிடைத்துவிடாது என்பதற்கும் அவர்களே சான்று. 2017இல் காத்தலோனியர் தனிநாட்டு வாக்கெடுப்பிற்கு நாள் குறித்தனர். செப்டம்பர் 20ஆம் நாள் எசுப்பானியக் காவலர் பார்சிலோனாவில் அப்பெயர்ப் பதிவகத்தினுள் புகுந்தனர். தொழில்நுட்பத் தலைவரைச் சிறைபிடித்தனர். வாக்கெடுப்புத் தளங்களை முடக்கக் கட்டளையிட்டனர். பெயர் போயிற்று. ஆயின் படிகள் போகவில்லை! தளத்தின் கோப்புகளை முன்னரே எடுத்துவைத்திருந்தோர் வெவ்வேறு நாடுகளின் வழங்கிகளில், வெவ்வேறு பெயர்களில் அத்தளத்தை மீண்டும் மீண்டும் எழுப்பினர். ஒன்றை மூடினால் மற்றொன்று முளைத்தது. பொது அமைப்புகளுக்கென நாம் நம்பியிருக்கும் 'ஆர்க்' என்னும் ஈறும் 2019இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திற்கு 113 கோடித் தாலருக்கு மேல் விலைபேசப்பட்டதை இங்கு நினைக்க. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் 2020 ஏப்பிரலில் அவ்விற்பனை மறுக்கப்பட்டது. எதிர்ப்பு எழாதிருப்பின்?

படிகளைப் பற்றித் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஓலை சில நூற்றாண்டே வாழும். அதற்குள் பெயர்த்தெழுதப்பட்ட நூல் பிழைத்தது, எழுதப்படாதது செல்லுக்கு இரையாயிற்று. தாமோதரனாரும் சாமிநாதையரும் ஊரூராய் அலைந்து மீட்டவை, எவனோ பெயர் தெரியாத ஒருவன் வேறோர் ஊரில் ஒரு படி எழுதி வைத்திருந்ததால் மீண்டவையே. 1981 மே இறுதி, சூன் தொடக்கத்து இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளே நம் நெஞ்சை இன்றளவும் சுடுகின்றன. அச்சூட்டை உணர்ந்த ஈழத்தமிழ் இளைஞர் 2005இல் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். அதற்கு முன்னரே, 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கப்பெற்றது. அரசுப் பணம் இல்லை, ஆரவாரம் இல்லை. யாரும் படியெடுத்துப் பரப்பலாம் என்று கோப்புகளைத் திறந்துவிட்டனர். முதலில் ஒரு குறியீட்டில் இருந்தவற்றைப் பின்னர் ஒருங்குறிக்குப் பெயர்த்தனர். ஓலையைப் பெயர்த்தெழுதிய அதே தொழில்.

எனவே வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும் குழுவில் யான் கொணரும் முடிவு இது. தளப்பெயர் மன்றத்தின் பெயரில், மன்றத்திற்கென்றே திறந்த மின்னஞ்சலிற் பதியப்படும்; ஒரே தவணையிற் பத்தாண்டிற்குக் கட்டணம் செலுத்தப்படும், அதற்கு மேற்பட்டு ஒருசேரப் பதிய விடுவதில்லை. கடவுச்சொற்கள் செயலரிடம் ஒன்று, பொருளாளரிடம் ஒன்று. தாளில் எழுதி முத்திரையிட்ட மூன்றாவது படி மன்றத்து இரும்புப் பெட்டியில். பொறுப்பாளர் மாறும்போது சாவிக்கொத்தோடு இவையும் கைமாறிக் கையொப்பம் பெறவேண்டும். கோப்புகளின் முழுப்படி என் பள்ளியில் ஒரு வன்தட்டிலும், அண்டை மாவட்டத் தமிழ்மன்றம் ஒன்றில் மற்றொரு வன்தட்டிலும் வைக்கப்படும்; அவர்கள் படியை நாம் வைத்திருப்போம். யாரும் படியெடுக்கலாம் என்று தளத்தின் முகப்பிலேயே எழுதப்படும். ஆண்டிற்கொருமுறை, பொங்கற் கிழமையில், அவ்வன்தட்டுகளைத் திறந்து படிக்கமுடிகின்றதா என்று பார்க்கவேண்டும். பூட்டியே வைத்த படி படியன்று.

செலவு? பெயருக்கு ஆண்டிற்கு ஆயிரத்தை ஒட்டி. இடத்திற்குச் சில ஆயிரம். சென்ற ஆண்டு விழாவிற் பொன்னாடைக்கும் மாலைக்கும் நாம் செலவிட்டதைப் பொருளாளர் தம் கணக்கேட்டில் பார்த்துக்கொள்ளட்டும். அப்பொன்னாடைகளுள் இரண்டு என் வீட்டிலும் உள, விற்றால் விலைபோகா.

ஒலிப்பதிவுகளையும் மீண்டும் தொடங்கவேண்டும். மேலைத்தெருவில் தறியை இன்னும் விடாத முதியவர் மூவர் உளர். ஒருவர்க்கு எண்பத்தாறு அகவை, காது கேளாது, ஆயினும் நாடாவைக் கையிற் கொடுத்தால் வாய் தானே பேசும். முகநூல் போதும் என்ற அவ்விளவலையே இப்பணிக்குக் கேட்கப்போகின்றேன். அன்று மாலையே பக்கம் திறக்கும் விரைவு உடையவர் அவர். அவ்விரைவு எண்பத்தாறு அகவையர் முன்னே நமக்குத் தேவை. சீட்டுப் பெட்டிகள் பதினொன்று, கனமானவை. ஞாயிறன்று அவற்றை என் வீட்டிலிருந்து தூக்கிவரவும் அவரே வரட்டும்.